உட்கார்ந்தே பிழைத்தவர்

குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட பிறகுதான் அவர் எழுந்து நிற்பார். தண்ணீர்ச் சத்தத்தில் முனகல் வெளியே கேட்காது. சுவரிலுள்ள கைப்பிடியைப் பற்றி, பாதங்களை அகட்டி வைத்து, "போலாம், ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரே உந்தில் எழுவார். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் முழங்கால் உதறியது. மூன்றாம் வாரத்தில் எழுபதைத் தொட்டுவிட்டார். தேசிய கீதத்துக்கு அது தாராளம். எண்ணி முடித்ததும் பின்னாலிருக்கும் உயர்த்திய கழிப்பறை இருக்கையில் தொப்பென்று விழுவார். அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டியவர். விபத்தே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆள் பிடிக்காமல் நிற்கக் கூடாது, இன்னொரு முறை விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று மருத்துவர் சொன்னதை மகன் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினான். மறுநாள் அதன் மேல் பேத்தி வரைந்த தேசியக் கொடி ஒட்டப்பட்டிருந்தது. கொடியை யார் கிழிப்பது?

நாடு விடுதலை பெற்ற நாளில் அவருக்கு ஐந்து வயது. மைதானத்தில் அத்தனை பேரும் விறைப்பாக நிற்க, இவர் அப்பாவின் தோளில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அப்பாவின் தலையெல்லாம் கடலைத்தோல். "நாடே நின்னுச்சு. நான் ஒருத்தன்தான் உக்காந்திருந்தேன்" என்று இன்றைக்கும் சொல்வார். அதன்பின் காதில் விழுந்த எந்தத் தேசிய கீதத்தையும் அவர் விட்டதில்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலேயே எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

மனைவியைக் 'கண்டக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாளும் பேச்சை வீணாக்குவதில்லை. இரண்டு தட்டு தட்டினால் கிளம்பு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருக்கும்போது கதவில் ஒரு தட்டு விழுந்தால், பாதி வாக்கியத்தில் பிரேக் போட்டுவிடுவார்.

இந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று மகள் குடும்பமும் வந்து சேர்ந்தது. உட்கார்ந்தே மரியாதை செய்யலாம், நாடு கோபித்துக்கொள்ளாது என்று மகன் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான்.

"உக்காந்து சம்பளம் வாங்கினேன்டா. மரியாதைக்கு நிக்கணும்."

மகனிடம் வேறு திட்டம் இருந்தது. தொலைக்காட்சியில் கொடி ஏறுவதற்குச் சற்று முன்னால், தகப்பனாரின் மடியில் பலகையை வைத்து, அதன் மேல் நிறையப் பரிமாறிய தட்டை வைத்துவிட்டான். ஒரு வாய்ச் சோற்றை நாலு நிமிடம் மெல்லுகிற மனிதர், எப்படியும் எழ முடியாது. அவரோ நாலே நிமிடத்தில் தட்டையே காலி செய்து, பலகையோடு மருமகளிடம் நீட்டி, கை கழுவத் தண்ணீர் கேட்டார். அவள் சமையலறைக்குள் போனதும் வாத்திய இசை தொடங்கியது.

எதிரே நின்ற நாலுகால் வாக்கரைப் பிடித்து எழக் கூடாது, நாற்காலிக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். அதைச் சரியாகவே செய்தார். "போலாம், ரைட்." எழுந்து நின்று வாக்கரைப் பற்றிக்கொண்டார். மகன் கையை நீட்டினான். கீதம் ஓடும்போது என்னடா அசைவு என்பதுபோல் ஒரு முறைப்பு. நீட்டிய கை விறைத்துப்போய்ப் பக்கவாட்டில் இறங்கியது.

கீதம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் உட்காரவில்லை.

ஊன்றிய வேகத்தில் நாற்காலி ஒரு முழம் பின்னால் நகர்ந்துவிட்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக நிற்கப் பழகினாரே தவிர, உட்காரப் பழகவில்லை. அதைச் சொன்னால் மகன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

"கண்ணு, உன் போன்ல இன்னொரு தடவை போடு" என்றார் பேத்தியிடம், நேரே பார்த்தபடி. "ஒரு தடவை பத்தல."

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பனாரின் நாட்டுப்பற்றை இத்தனை நாள் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமே என்று முதல் ஆளாக எழுந்து நின்றான். மற்றவர்களும் எழுந்தார்கள். இரண்டாம் முறை கீதம் ஒலித்தது. அவர் எழுபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். வாக்கரின் கால்கள் தரையில் மெல்லக் கிடுகிடுத்தன.

கண்டக்டரம்மா மட்டும் விறைப்பாக நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போனார். விளிம்பு கணவரின் முழங்கால் மடிப்பில் படும்வரை நாற்காலியைத் தொடையால் முன்னே தள்ளி, அப்படியே முட்டுக் கொடுத்து நின்றார். கீதம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலிக் கையில், மோதிரம் போட்ட விரலால், ஒரே ஒரு தட்டு தட்டினார்.