எஸ்தரின் டீமில் இரண்டாவது ஆள்

எஸ்தரும் நானும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே கம்பெனியில், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கம்பெனி டென்மார்க்காரர்களுடையது. அங்கே கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவர்களுக்கு, இன்று எந்தத் தெரு, எந்த வீடு, எந்த லிஃப்ட் என்று போனில் சொல்லும் மென்பொருளை நாங்கள் எழுதினோம். எங்களில் ஒருவர்கூட டென்மார்க் லிஃப்டில் ஏறியதில்லை. எஸ்தர் குடியிருந்த பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

அவள் கெட்டிக்காரி. புரோகிராம் எங்கே உதைக்கிறது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். "அந்த வரிய தூக்கிட்டுப் பாரு" என்பாள். சரியாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தொழிலில் ஒரே பரிசுதான் உண்டு. மற்றவர்கள் வேலையும் அவர்கள் தலையில் வந்து விழும்.

முதலில் விலகியவன் நான். பிறகு ஒருத்தி கல்யாணமாகிக் கனடா போனாள். இரண்டு பேரைக் கம்பெனியே அனுப்பிவைத்தது. மிச்சப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து எஸ்தர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது டீமில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஆபீஸ் மாடியையும் காலி செய்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவளும், லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கும் அவள் அம்மா லூர்துமேரியும்தான்.

ஆள்கள் போனாலும் கூட்டம் போகவில்லை. தினமும் ஒரு சிறு கூட்டம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இனி என்ன செய்யப்போகிறேன், எது தடையாக இருக்கிறது. டென்மார்க்கில் அது காலை நேரம். நமக்குச் சரியாகச் சோறு போடும் நேரம். டென்மார்க்கிலிருந்து யாரும் அதில் உட்காருவதில்லை. ஒரு மென்பொருள் உட்கார்ந்து கேட்கும். எந்த மொழியில் பேசினாலும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, அங்கே இருக்கும் ஹென்ரிக் என்ற மேலாளருக்கு அனுப்பிவிடும்.

எஸ்தர் காலித் திரையைப் பார்த்து, தான் நேற்று செய்ததையும், ஹென்ரிக்கிடம் எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் வராததையும் தானே சொல்வாள். தானே கேட்டுக்கொள்வாள். மென்பொருள் சிவப்பு விளக்கு காட்டியது. 'டீமில் உரையாடல் போதவில்லை' என்றது.

ஒருநாள் அவள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது லூர்துமேரி மார்க்கெட்டிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி, தனியா பேசிக்கினு கீற?"

"மீட்டிங்மா."

"எதுர்ல யாரும் காணோமே?"

"டீம்ல நான் ஒருத்திதாம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு மீட்டிங்கு? சோறு ஆறுது, வா."

சொல்லிவிட்டு, வழக்கம்போல அன்றைய கதையை ஆரம்பித்தாள். "நேத்து எடுத்த சங்கரா பூரா வித்துப்போச்சு. நாளைக்கு எறா போடலாம்னு கீறேன். இந்த ஐஸ்காரன்தான் லேட் பண்ணிக்கினே கீறான்." அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பாஞ்சாலி வாசலில் நின்று, "லூர்துமேரிக்கா, கருவேப்பில இருந்தா குடேன்" என்று கூப்பிட்டாள்.

புதுக் குரலுக்கு உரியவளின் பெயரும் மென்பொருளுக்குக் கிடைத்துவிட்டது. மாலையில் வந்த சுருக்கத்தில் இப்படி இருந்தது: 'லூர்துமேரி: நேற்று எடுத்துக்கொண்ட அனைத்தும் முடிந்தது. நாளை புதிய வகை அறிமுகம். தடை: குளிரூட்டும் வெளி நிறுவனத்தின் தாமதம். எஸ்தர்: நேற்றைய வேலை தொடர்கிறது. தடை: பதிலுக்குக் காத்திருக்கிறாள்.'

கீழே ஹென்ரிக் எழுதியிருந்தார்: 'லூர்துமேரிக்கு நல்வரவு! குளிரூட்டும் விஷயத்தை நான் மேலிடத்தில் பேசுகிறேன்.'

விளக்கு பச்சையாகியிருந்தது.

எஸ்தர் பதறிப்போய் எச்.ஆர். சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டாள். சென்னையில் கம்பெனிக்கு மிஞ்சியிருந்த இன்னொரு ஆள் அவர்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.

"சார், அது எங்க அம்மா சார்."

"தெரியுது மேடம். ஆனா பேரு சிஸ்டத்துல ஏறிருச்சே. ஏத்துறதுக்கு சிஸ்டமே போதும். எறக்குறதுக்கு மூணு பேரு ஒப்புதல் குடுக்கணும். அந்த மூணு பேரையும் போன மாசம்தான் வீட்டுக்கு அனுப்புனோம்."

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஒத்த ஆளா இருந்தா செவப்பு. செவப்பு நீடிச்சா டீமையே மூடிருவாங்க. ரெண்டு பேருன்னா பச்சை. அம்மா வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போகட்டுமே மேடம். யாருக்கு என்ன நட்டம்?"

எஸ்தருக்கு வேலை வேண்டியிருந்தது. பேசாமல் விட்டுவிட்டாள்.

லூர்துமேரிக்கு அந்தக் கூட்டம் பிடித்துப்போயிற்று. அவள் பேச்சை இதுவரை யாரும் இடைமறிக்காமல் கேட்டதில்லை. மார்க்கெட்டில் பேரம், வீட்டில் எஸ்தரின் "ம்". இங்கேயோ அவள் சொன்னது ஒவ்வொன்றும் மாலைக்குள் எழுத்தாகி வந்தது; அதற்கு ஒரு வெள்ளைக்காரர் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்பினார். வஞ்சிரம் வரத்துக் குறைந்ததும், பாஞ்சாலியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனதும், மாதா கோயில் தேருக்கு யார் யார் பூ வாங்கிக்கொடுப்பது என்ற தகராறும் டென்மார்க்குக்குப் போயின. தேர்த் தகராறு 'பொறுப்புப் பகிர்வில் தெளிவின்மை' என்று பதிவானது. ஹென்ரிக் அதைத் தன் மற்ற டீம்களுக்கும் அனுப்பி, அவர்களிடமும் அந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று விசாரித்தார்.

சம்பளம் வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரவில்லை. சம்பளம் போடுவது வேறு மென்பொருள். அதற்கு லூர்துமேரியைத் தெரியாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி, வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை பேணுபவருக்கு என்று ஒரு பரிசு அறிவித்தது. லூர்துமேரிக்குக் கிடைத்தது. மதியத்தோடு வேலையை முடிக்கிறார், பிறகு தூங்குகிறார், அக்கம்பக்கத்தோடு பழகுகிறார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறார் என்று மென்பொருள் குறித்துவைத்திருந்தது. எஸ்தர் பெயருக்கு நேரே இருந்த கட்டங்கள் எல்லாம் சிவப்பு. உலகம் முழுவதும் அந்தக் கம்பெனியில் அவள்தான் கடைசி.

சுயம்புலிங்கமே பரிசை எடுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். கம்பெனி பெயர் போட்ட ஒரு டி-ஷர்ட், யோகா செய்ய ஒரு விரிப்பு. லூர்துமேரி அவருக்கு நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். எஸ்தர் தலையை மட்டும் நீட்டி, "கொஞ்சம் அர்ஜன்ட் சார், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி திரைக்குள் போய்விட்டாள். யோகா விரிப்பு மறுநாளே மொட்டைமாடிக்குப் போயிற்று. நெத்திலி காயவைக்க அதைவிட வாகான பொருளை லூர்துமேரி பார்த்ததில்லையாம்.

பிப்ரவரியில் மறுபடி ஆள்குறைப்பு. ஹென்ரிக் முதல்முறையாக முகத்தைக் காட்டினார். நல்ல மனிதர் முகம்தான் என்று எஸ்தர் சொன்னாள். சுயம்புலிங்கம் இன்னொரு சதுரத்தில் குனிந்த தலையோடு இருந்தார்.

"டீமில் ஒருவரைக் குறைக்க வேண்டியிருக்கிறது எஸ்தர். நிறைய யோசித்தோம். லூர்துமேரி எடுத்த வேலையை அன்றன்றே முடித்துவிடுகிறார். உங்கள் பெயருக்கு நேரே மாதக்கணக்காக, 'காத்திருக்கிறாள்' என்றே இருக்கிறது."

"உங்க பதிலுக்குத்தான் காத்திருந்தேன்."

"பார்த்தீர்களா, இப்போதும் அதையேதான் சொல்கிறீர்கள்."

வேறு வழியில்லாமல் எஸ்தர் உண்மையைப் போட்டு உடைத்தாள். "லூர்துமேரி என் அம்மா. அவங்க மீன் விக்கிறாங்க."

ஹென்ரிக் நெகிழ்ந்துபோனார். "ஆபீசுக்கு வெளியே அப்படி ஓர் ஈடுபாடு இருப்பது எவ்வளவு நல்லது. அதைத்தான் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறோம்."

கூட்டம் முடிந்தது. எஸ்தர் கம்ப்யூட்டரை மூடினாள். அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த லூர்துமேரி கரண்டியோடு வந்தாள்.

"இன்னா சொன்னான் உங்காளு?"

"என்ன வேலைய விட்டு எடுத்துட்டாங்கம்மா. உன்ன வெச்சிக்கினாங்க."

"அடப் பாவிங்களா! எனக்கு அந்தப் பொட்டிய தொறக்கவே தெரியாதே!"

எஸ்தருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழுகைதான் கடைசியில் ஜெயித்தது. லூர்துமேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டென்மார்க்காரன், அவன் அப்பன், லிஃப்ட், லிஃப்டைக் கண்டுபிடித்தவன் என்று ஒருவரையும் விடாமல் திட்டினாள். மீன் கருகிப்போயிற்று.

எஸ்தர் விலகியதும் டீமில் லூர்துமேரி ஒருத்தி. ஒருத்தி என்றால் சிவப்பு. உடனே சிஸ்டம் தானாகவே, 'ஆள் தேவை' என்று அறிவித்தது. சுயம்புலிங்கம் உற்சாகமாகப் போன் செய்தார்.

"மேடம், இதான் சான்ஸ். அந்த எடத்துக்கு நீங்களே அப்ளை பண்ணுங்க. இன்டர்வியூ எடுக்குறது டீம்ல இருக்க சீனியரு. அதாவது அம்மா. ஒப்புக்கு ரெண்டு கேள்வி கேட்டுட்டு சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, திங்கக்கெழமையே நீங்க உள்ள."

எஸ்தர் விண்ணப்பித்தாள். கேள்விகளை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். குறிப்பிட்ட நேரத்தில் கூடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து அம்மாவை உட்காரவைத்துவிட்டு, தான் போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லூர்துமேரி கிறிஸ்துமஸ் புடவை கட்டியிருந்தாள். சுயம்புலிங்கம் திரையில் சாட்சிக்கு இருந்தார்.

"பேரு இன்னா?"

"எஸ்தர்."

"இதுக்கு முன்னால எங்க வேல செஞ்ச?"

"இங்கதாம்மா."

"அம்மா ஆட்டுக்குட்டில்லாம் வேணாம். மேடம்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லிக்கொடுத்த அடுத்த கேள்வி வரவில்லை. "காலீல இன்னா சாப்ட?"

"காபி... மேடம்."

"மத்தியானம்?"

"இன்னும் இல்ல."

"உங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்குப் போனல்ல? போட்டோவுல ஒன்னுத்துலயும் நீ இல்லியே?"

"மண்டபத்து மாடிப்படில உக்காந்து வேல செஞ்சிக்கினு இருந்தேன்."

"டெங்கு வந்துச்சே, அப்ப லீவு போட்டியா?"

"ஆஸ்பத்திரியிலேருந்தே முடிச்சிக் குடுத்துட்டேன் மேடம்."

சுயம்புலிங்கம் தலையாட்டினார். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தாராம்.

"கடசியா எப்ப பீச்சுக்குப் போன?"

உள்ளறையில் எஸ்தர் வருடங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். கடல் அவர்கள் கட்டடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

லூர்துமேரி திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், இந்தப் பொண்ணு வேணாம்."

"ஏம்மா?" என்றார் சுயம்புலிங்கம்.

"நல்ல பொண்ணு சார். வேலைல ஒரு கொற சொல்ல முடியாது. அதான் வேணான்றேன். இத்த எடுத்தா உசுரையே குடுத்துரும். அப்பறம் இத்தப் பெத்தவ வந்து யாரக் கேப்பா? என்னத்தான கேப்பா?"

மென்பொருள் எழுதியது: 'முடிவு: நிராகரிப்பு. காரணம்: தேவைக்கு மேற்பட்ட தகுதி.'

கதவைத் திறந்துகொண்டு எஸ்தர் வந்தாள். "இன்னாம்மா பண்ணி வெச்ச? சரின்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். சொல்ல மனசு வர்ல."

"அது என் வேலம்மா!"

"நீ அத்தோட வேலையா இருந்த. அது எங்கடி உன் வேல?"

அந்த வாரம் முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. எஸ்தர் முதலில் கோபத்தில் படுத்தாள். பிறகு நிஜமாகவே தூங்கினாள். மூன்று வேளையும் சாப்பிட்டாள், வீம்புக்காக, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். கோபத்தில் எங்கேயாவது போக வேண்டுமே என்று கடற்கரைக்கும் போனாள். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள். காற்றில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியை நான் நம்பவில்லை.

அடையாறில் ரூஹி என்ற பெண், பல் டாக்டர்களுக்கான மென்பொருள் எழுதும் சிறிய ஆபீஸ் நடத்துகிறாள். எனக்குப் பழக்கம். எஸ்தரை அங்கே அனுப்பினேன். முந்தைய கம்பெனியில் ஏன் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை என்று ரூஹி கேட்டபோது, எஸ்தர் இன்டர்வியூவை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். ரூஹி சிரிக்கவில்லை. "உங்க அம்மா இப்ப வேற எங்கயாவது வேலைக்கு வருவாங்களா?" என்றுதான் கேட்டாளாம். எஸ்தருக்கு வேலை கிடைத்தது. அந்தக் கட்டடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிடுவார். அதற்குமேல் உழைக்க நினைத்தாலும் முடியாது. முதல் மாதம் அவளுக்கு அது தண்டனையாக இருந்தது. ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு மதில் ஏறிக் குதித்தாள். இப்போது ஐந்தரைக்கே பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள்.

லூர்துமேரி மார்ச் கடைசிவரை கம்பெனியில் நீடித்தாள். பாஞ்சாலியின் மருமகள் திரும்பி வந்ததும் வராததுமாக, பெட்டியைத் திறந்துகொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. பிறகு டென்மார்க்கில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றினார்கள். கூட்டம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அது மார்க்கெட்டில் கடைசி வியாபாரம் நடக்கும் நேரம். "கடியாரத்தையே மாத்துறவன நம்பி நான் வியாபாரத்த விட முடியாது" என்று லூர்துமேரி நின்றுகொண்டாள். ஹென்ரிக் மிகவும் வருத்தப்பட்டார். டீம் மூடப்பட்டது. லிஃப்ட்கள் ஓடுகின்றன என்றுதான் கேள்வி.

போன மாதம் தாயும் மகளும் மிக்ஸி வாங்கத் தி.நகர் போயிருந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் எஸ்தரின் போன் அடித்தது. சுயம்புலிங்கம். அவரையும் அனுப்பிவிட்டார்களாம். வேறொரு கம்பெனியில் ஏறக்குறைய முடிவான நிலை; பழைய இடத்தில் மேலதிகாரியாக இருந்த ஒருவர் நற்சான்று சொல்ல வேண்டும்.

"கம்பெனி கணக்குப்படி கடைசியா மிச்சம் இருந்த சீனியரு அம்மாதான் மேடம். அவங்க நம்பரக் குடுக்கட்டுமா?"

எஸ்தர் போனை அம்மாவிடம் நீட்டினாள். லூர்துமேரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு விஷயத்தைக் கேட்டாள்.

"குடு தம்பி, தாராளமா குடு. ஆனா காலீல பண்ணச் சொல்லாதே, வியாபார நேரம்."

அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டு, சுயம்புலிங்கம் எப்படிப்பட்டவர், எதில் பலவீனம் என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். "தங்கமான புள்ள. நண்டு சரியா ஒடச்சித் தின்னத் தெரியாது, வேற ஒன்னியும் இல்ல" என்று லூர்துமேரி மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள்.

அவருக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது.