இரஞ்சிதத்தின் காலில் இருந்த இரும்பு

வட்டக்கச்சியில் இரஞ்சிதத்தின் படலையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு உள்ளே கதைச் சத்தம் கேட்கும். நெல் அவிக்கும்போதும் கேட்கும், கோழிக்குத் தீன் போடும்போதும் கேட்கும். அந்த வளவிலோ அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. தனியே இருக்கிற மனுசி, கோழியோடு கதைக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. முடிவுகட்ட ஊருக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

அவள் கதைத்தது தன் இடது தொடையோடு.

கடைசி யுத்தத்தில், மாத்தளன் மணலில் ஒரு ஷெல் விழுந்தது. பங்கர் வாசலில் நின்ற அவள் கணவன் யோகலிங்கம் அந்த இடத்திலேயே போய்விட்டான். பக்கத்தில் நின்ற அவளுக்குத் தொடையில் காயம். அவனை மணலால் மூடிவிட்டு ஓடவேண்டியிருந்தது. பிறகு போய்த் தேடியும் அந்த இடம் தெரியவில்லை. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முகாமில் மருந்து கட்டியவர், "உள்ளுக்கை ஒரு துண்டு கிடக்குது போல. கரைச்சல் தராட்டி விடுங்கோ" என்றார். வன்னியில் உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். காயம் ஆறியபின் தழும்புக்குக் கீழே கடலைப்பருப்பு அளவில் ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. என் மனுசனைக் கொண்டுபோன ஷெல்லின் துண்டுதான் இது என்று இரஞ்சிதம் நினைத்தாள். அவரிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான்.

"இஞ்சாருங்கோ, மழை வரும்போல கிடக்கு" என்பாள். "இஞ்சாருங்கோ, வாய்க்காலிலை தண்ணி திறந்திட்டாங்கள்." யோகலிங்கம் உயிரோடு இருந்த காலத்திலும் பெரிதாகப் பதில் சொன்ன மனுசன் இல்லை. அதனால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போன வருடம் அது பெருக்கத் தொடங்கியது. எலுமிச்சங்காய் அளவுக்கு வந்ததும் காலை ஊன்ற முடியாத குத்து. பக்கத்து வளவுக் கௌசலா கண்டுவிட்டாள்.

"இரும்பு வளருமே அக்கா? ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ."

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பார்த்தது தாட்சாயினி என்ற இளம் டொக்டர். வாயைத் திறந்ததும் இரஞ்சிதம் கேட்டது ஒன்றைத்தான்: "எடுத்தால் அந்த இரும்பை என்னட்டைத் தரவேணும்." பையில் தைலப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போயிருந்தாள். உடம்பில் இரும்பு இருந்தால் காந்த ஸ்கேன் எடுக்கக் கூடாது என்று முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"உங்கடை காலிலை இரும்பு ஒண்டுமில்லையே, அம்மா."

"இருக்கு. வடிவாப் பாருங்கோ."

மறுபடியும் எடுத்தார்கள். இல்லை.

சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தபின், இது நரம்பில் முளைக்கிற அபூர்வமான கான்சர் என்று தாட்சாயினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரஞ்சிதம் அசையவில்லை. "வெட்டேக்கை வடிவாத் தேடிப் பாருங்கோ" என்றாள். பயத்தில் இவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று டொக்டர் நினைத்திருக்கவேண்டும்.

ஒப்பரேசன் முடிந்து மறுநாள், டொக்டரே கட்டிலருகில் வந்து நின்றாள். "தேடினனாங்கள் அம்மா. ஒரு தூசும் இல்லை. அந்தத் துண்டு அண்டைக்கே கிழிச்சுக்கொண்டு வெளியிலை போயிருக்கும்."

அன்றுதான் இரஞ்சிதம் வாய்விட்டு அழுதாள். "கான்சர் எண்டாலும் இப்ப சுகப்படுத்தலாம், அழாதேங்கோ" என்று பக்கத்துக் கட்டில்காரி தேற்றினாள். இரஞ்சிதம் அதற்கும் ஓம் என்றாள். இத்தனை வருடமும் ஒரு நரம்புக் கட்டியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது. ஏமாற்றியது யார் என்று தெரியாததால் கோபப்படவும் வழியில்லை.

வெட்டிய கட்டியைக் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததும் தாட்சாயினி அவளைக் கூப்பிட்டு விளக்கினாள்.

"வளரச் சொல்லி வாற சேதியை வாங்கிறதுக்கு, கலத்துக்கு மேலை ஏற்பி எண்டு ஒண்டு இருக்கும். அதை உண்டாக்கிற மரபணு சில கட்டியளிலை பெருகிக் கிடக்கும். அப்பிடிப் பெருகினால் திரும்பி வாற பயம் கூட. உங்கடையிலை அது பெருகேல்லை, அம்மா. நல்ல அறிகுறி. ஆனால் நம்பி இருந்திடாதேங்கோ, கிளினிக்குக்குக் கட்டாயம் வரவேணும்."

"ஓம், டொக்டர்."

"வீட்டிலை சொல்லுங்கோ, சந்தோசப்படுவினம்."

"சொல்லுறன்."

பஸ் ஆனையிறவைக் கடந்தபோது உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பக்கத்தில் இருந்த பெட்டையிடம் சொல்லலாமா என்று ஒருமுறை வாயெடுத்தாள். அவள் காதில் வயர் மாட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். "இஞ்சாருங்கோ" என்று வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது. கை தொடைக்குப் போனது. அங்கே சேலைக்குக் கீழே ஒரு பள்ளம்தான் இருந்தது. மிச்சத்தைச் சொல்லாமல் குசினி நிலத்தில் உட்கார்ந்தாள். யாராவது வந்து என்ன மாதிரி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் போலிருந்தது.

பொழுதுபட, என்ன முடிவு என்று கேட்கத்தான் கௌசலா புட்டும் கறியுமாக வந்தாள். படலையடியில் நின்று காதைக் கொடுத்தாள். வழக்கமான கதைச் சத்தம் இல்லை. அக்கா களைத்துப்போய் நித்திரையாக்கும், எழுப்பக்கூடாது என்று சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள்.