ஒப்புதல் கனடாவிலிருந்து வந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில், கோண்டாவிலில் நானும் என் தோழியும் நடத்தும் சிறிய டிசைன் ஸ்டூடியோவில் நடந்தது இது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அது யார்மீது என்பதில் மட்டும் இத்தனை காலத்தில் கொஞ்சம் மாற்றம்.

கலியாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்வெட்டு எல்லாம் நாங்கள் செய்வோம். கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், நன்றி என்று பத்திருபது பக்கம் வரும். அதைச் சனம் எறியாது. அலுமாரிக்குள் வருடக்கணக்காக வைத்திருக்கும்.

இந்தத் தொழிலில் வடிவமைப்பது சுலபம், வாடிக்கையாளரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். நாங்கள் மாதிரி போட்டுக் காட்டுவோம். திருத்தம் வரும், திருத்துவோம். ஓகே என்றால் அச்சுக்குப் போகும். சொல்ல இவ்வளவுதான். நடப்பில் கோயில் சபைத் தலைவர் சிவப்பு என்பார், செயலாளர் மஞ்சள் என்பார், தலைவரின் மச்சாள் இரண்டும் வேண்டாம் என்பார். ஒரு கோயில் நோட்டீஸுக்கு ஏழு பேர் ஏழு விதமாகத் திருத்தம் சொல்லி எங்களைப் பைத்தியமாக்கினார்கள். அந்த எரிச்சலில் நான் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் படிவத்தில் ‘ஒப்புதல் தருபவர்’ என்று ஓர் இடம். அதில் ஒரேயொரு பெயர். அவர் சொல்வது மட்டும்தான் எடுபடும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பெருமை வேறு.

இணுவிலிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். தாய் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பிஸ்கட் பேணி நிறையப் படங்களும், ஒரு கொப்பியில் தன் கையால் எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் கொண்டுவந்திருந்தார். வழக்கமாக வரும் ‘பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம்’ எதுவும் அதில் இல்லை. தாய் விடியவே எழும்பி மிளகாய்த் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறியதும், கோபம் வந்தால் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்ததும் இருந்தன. வாசித்துவிட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார். இரண்டு பின்னேரம் பக்கத்தில் உட்கார்ந்து படம் தெரிவுசெய்தோம். உதிர்ந்த பல்லை மறைக்க வாயை மூடிச் சிரிக்கும் ஒரு படத்தை முகப்புக்கு எடுத்தோம். நல்ல வேலை ஒன்று செய்கிறோம் என்ற சந்தோசம் எனக்கு இருந்தது.

பிறகு நான் படிவத்தை நீட்டினேன். தானும் அண்ணனுமாகப் பார்த்துச் சொல்கிறோமே என்று கேட்டார். “ஒராள்தான் அக்கா. பிறகு ஆளுக்காள் வந்து கதைக்கக் கூடாது” என்று கறாராகச் சொன்னேன். பேனையை எடுத்தார். “மூத்தவர் இருக்கேக்கை நான் எப்பிடி?” என்று கனடாவில் இருக்கும் அண்ணனின் பெயரையும் நம்பரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அண்ணன் தொடங்கினார். சிரிக்கும் படம் வேண்டாம், மரியாதையாக இல்லை. நூல் சேலையைப் பட்டுச் சேலையாக மாற்று. கழுத்தில் சங்கிலி போடு. தோட்டக் கதையை எடுத்துவிட்டு ‘பண்பின் சிகரம்’ போடு. தானும் மனைவியும் நிற்கும் படத்தை உள்ளே முழுப் பக்கத்துக்குப் போடு. கல்வெட்டு அவருக்கா தாய்க்கா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன். கடைசியாக ஒரு குரல் செய்தி வந்தது. பிள்ளைகளின் பெயர் இருக்கும் பக்கத்தில் தங்கையின் பெயரை எடுக்கவாம். “பிள்ளையளெண்டு மூண்டு ஆம்பிளையளின்ரை பேர் போதும். அவ செய்த கலியாணத்தோடை அவவுக்கும் எங்களுக்கும் ஒண்டுமில்லை.”

அவவுக்கு இது தெரியுமா என்று கேட்டு எழுதினேன். “நீங்கள் டிசைன் செய்யிற ஆள் தங்கச்சி. குடும்பக் கதை உங்களுக்கு என்னத்துக்கு?” என்று பதில் வந்தது.

அந்த அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. அவர் வீடு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். போனை எடுத்தேன், திருப்பி வைத்தேன். அண்ணனும் தங்கையும் கதைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். ஒப்புதல் தருபவர் அவர்தானே என்றேன். உண்மையைச் சொன்னால், இந்த மனிசனின் தொல்லை முடிந்தால் போதும் என்றிருந்தது. பெயரை எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அச்சுக்குக் கொடுத்தேன்.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முன்பு புத்தகங்களை எடுக்க அந்த அக்காதான் வந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒன்றைப் பிரித்தார். தாயின் பட்டுச் சேலையைப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார். பிள்ளைகளின் பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்து வாசித்தார். முந்திய பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பவும் வந்து வாசித்தார்.

“தங்கச்சி, நான் என்ரை பேரையும் எழுதித்தானே தந்தனான்?”

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்கவில்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். “நீங்கள்தானே அக்கா ஒப்புதலுக்கு அவரின்ரை பேரை எழுதினியள்?” என்றேன். “ஓம். நான்தான் எழுதினனான்” என்றார். அவ்வளவுதான்.

என் தோழிதான் எழும்பி வந்து என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டாள். அவர் கலியாணம் செய்துகொண்டவர் வேறு சாதி. அண்ணன்மார் அன்றோடு அவரோடு கதைப்பதை விட்டார்கள்; தாயைப் பார்க்க மட்டும் மூத்தவர் போன் எடுப்பாராம். ஆனால் கடைசி ஆறு வருடமும் தாய் இருந்தது அந்தச் சாதி மாறிக் கட்டியவரின் வீட்டில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன் திரையில் தாயைப் பார்த்தவன் பிள்ளையாம். குளிக்கவார்த்து, சோறு குழைத்துத் தீத்தி, பீ மூத்திரம் அள்ளியவள் பிள்ளை இல்லையாம். இதற்குள் ‘பாசத்தின் இருப்பிடம்’ வேறு!

அந்தத் தாளை மட்டும் திரும்ப அச்சடிக்கிறோம், நாளைக்கே தருகிறோம் என்று இருவரும் கெஞ்சினோம். “வேண்டாம் பிள்ளையள். அம்மான்ரை காரியத்திலை சண்டை வேண்டாம்” என்று கட்டுகளைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனம் கேட்காமல் அந்தியேட்டிக்குப் போனேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் அப்படிப் போவதில்லை. பந்தல் வாசலில் அந்த அக்கா நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பெயர் இல்லாத புத்தகத்தை. உள்ளே கதிரை ஒன்றில் சாத்திவைத்த போனில் கனடா அண்ணன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் போலிருந்தது.

உறவுக்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே பக்கங்களைப் புரட்டினார். நிமிர்ந்து, “எங்கை பிள்ளை உன்ரை பேர்?” என்று சத்தமாகவே கேட்டார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லட்டும், இப்போதாவது அண்ணனின் மானம் போகட்டும் என்று என் மனம் துடித்தது.

“அது மாமா, அச்சடிச்சவை விட்டிட்டினம்” என்றார் அவர். அடுத்த புத்தகத்தை எடுத்து எனக்குப் பின்னால் வந்தவரிடம் நீட்டினார். நான் நிற்பது அவருக்குத் தெரியும்.

பொய், பொய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அண்ணனைக் காப்பாற்ற, அச்சடித்த எங்கள்மேல் பழியைப் போட்டுச் சொன்ன பொய்தான், ஆனால் அதில் பொய் எங்கே என்று தேடினால் எனக்கு அகப்படவில்லை. அண்ணன் அனுப்பியது ஒரு குரல் செய்தி மட்டும். அந்தப் பெயரைத் தெரிவுசெய்து, அழித்து, மேலும் கீழும் இடைவெளியைச் சரிசெய்து, அங்கே ஒரு பெயர் இருந்த அடையாளமே தெரியாமல் ஆக்கியவை என் விரல்கள்.

அந்த மனிசனின் வேலை எதையும் பிறகு நாங்கள் எடுக்கவில்லை. ஒரு பெயரை எடுக்கச் சொல்லி எவர் கேட்டாலும், அந்தப் பெயருக்குரியவரோடு கதைக்காமல் நான் இன்றுவரை எடுத்ததும் இல்லை. அதற்காக வேலை போயிருக்கிறது, பேச்சும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இணுவில் அலுமாரிகளுக்குள் ஒரு தாய்க்கு மூன்றே பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு என் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அதை நினைக்கும்போது வரும் கோபத்தில் பாதி கனடாவுக்குரியது என்றாலும், மீதியை நான் இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.