சுரம் இல்லை, சரம்

என் ஜீப்பில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், இறங்கி நடங்கள் என்று சொல்லிவிடுவேன். குரங்கணி மலைக்குத் தினமும் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிப்போகிறவன், வண்டிக்குள் எத்தனையோ கேட்டாயிற்று, ஒன்றையும் நம்பியதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

என் மனைவி செல்வியும் காய் எடுக்கப் போகிறவள்தான். அவளுக்கு விடாத காய்ச்சல், இருமினால் ரத்தம். மலைக்குளிர் என்றார்கள், சளி என்றார்கள், எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் ஏலக்காய் சிதறின மாதிரி உருண்டை உருண்டையாகப் புள்ளி தெரிந்ததும் காசநோய் என்றார்கள், சளியைச் சோதித்தால் அதுவும் இல்லை. போடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள். போய்விடுவாளோ என்று நான் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

பட்டப்பகல். பக்கத்துக் கட்டில் காலி. அங்கிருந்து ஒரு பெண்குரல், "காயவே பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடிண்ணே? சரத்தப் பாக்கச் சொல்லுங்க" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், பேசியது செல்வி இல்லை, அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்து அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டரிடம் ஓடினேன்.

"சார், சரத்தப் பாருங்க சார்!"

"சுரத்தத்தானப்பா இத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்கோம்?"

"சுரம் இல்ல சார், சரம்! ஏலச்செடியில காய் புடிக்குமே, அந்தச் சரம். காய் நுரையீரல்ல உதிர்ந்து கெடக்குன்னா, சரம் வேற எங்கயோ இருக்கும்ல?"

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வந்து செல்வியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "வெரசா எக்கோ எடுக்கணும்" என்றார்.

இதய வால்வில் கிருமி கொத்தாகப் பிடித்திருந்தது. கையில் முள் குத்திச் சீழ் வைத்த புண்ணிலிருந்து ரத்தத்தில் ஏறிய கிருமியாம். அந்தக் கொத்திலிருந்து துணுக்குத் துணுக்காக உதிர்ந்துதான் நுரையீரலை அடைத்திருக்கிறது. ரத்தத்தைச் சோதித்து, அதற்கான மருந்தை வாரக்கணக்கில் ஏற்றினார்கள். அப்பாடா, பிழைத்தாள்.

இப்போது நன்றாக என்னோடு சண்டை போடுகிறாள். ஒருநாள் கேட்டேன்.

"அன்னைக்குப் பக்கத்துக் கட்டில்ல யாருடி?"

"காய் எடுக்குறவ ஒருத்தி. மொகம் தெரியல. என் நெஞ்சுக்குள்ள கைய விட்டு எடுத்துக்கிட்டே இருந்தா. முத்துனத எடுத்துட்டேன், பிஞ்சு கெடக்கு, அடுத்த எடுப்புக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனா."

அதிலிருந்து அவள் லேசாக இருமினாலும் ஓடிப்போய் நெஞ்சில் காதை வைக்கிறேன். கிறுக்குப் பிடிச்சிருச்சா என்று தள்ளிவிடுகிறாள்.