அக்கா தெருக் கிணறு

கிணறுகளுக்கு மருந்து போடும் வேலைக்கு நான் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் படித்த படிப்புக்கு ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்து எழுதும் வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பியிருந்தார். கிடைத்தது இதுதான். தோளில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் கருநீலமாக மின்னும் பொடி, கையில் ஒரு வாளியும் கயிறும். காலரா என்கிற வாந்திபேதி பரவும் மாதங்களில் திருநெல்வேலி டவுணில் தெருத் தெருவாகப் போய்ப் பொதுக்கிணறுகளில் அந்தப் பொடியைக் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீரில் பட்டதும் அது சிவந்துவிடும். அதனால் ஜனங்கள் அதைச் செவப்பு மருந்து என்றார்கள். என்னைக் கிணத்து மருந்துக்காரன் என்றார்கள்.

மாலையில் மருந்து போட்டால் மறுநாள் காலையில் தண்ணீரில் கொஞ்சமாவது ரோஜா நிறம் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால் பயமில்லை. நிறம் அடியோடு போயிருந்தால், உள்ளே கிடக்கிற அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் போட வேண்டும். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

ஜனங்களுக்கு அந்த மருந்தைக் கண்டால் ஆகாது. நான் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவார்கள். நான் போடுவதற்கு முன்னால் இரண்டு நாளைக்கு வேண்டிய தண்ணீரை இறைத்து வைத்துக்கொள்வதற்காக. "செவப்பாக்கிட்டா வயித்துக்குள்ள போயி ரத்தமா மாறும்" என்று ஒருத்தி சொன்னதை என் காதால் கேட்டேன். மருந்து போட்ட கிணற்றுத் தெருக்களில்தான் ஆள் சாகிறது என்றும் பேச்சு இருந்தது. அதில் ஒரு வகையில் உண்மையும் இருந்தது. ஆள் செத்த தெருவுக்குத்தானே என்னை முதலில் அனுப்பினார்கள்.

என் அக்காவை டவுணிலேயே, தேரோடும் வீதிக்குத் தெற்கே ஒரு தெருவில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஐந்து வயதில் ஒரு மகள். டவுண் பக்கம் வேலை இருக்கிற நாட்களில் மத்தியானச் சாப்பாடு எனக்கு அக்கா வீட்டில்தான். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அந்தத் தெருவின் கிணறு. நாற்பது குடும்பங்களுக்கும் அது ஒன்றுதான். அதற்கு அடுத்த நல்ல தண்ணீர் என்றால் ஆற்றுக்குத்தான் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருக்காரர்களிடம் போய் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை கழிந்த நாலாம் நாள், அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையடிவாரக் கோயிலில் அமாவாசைக்குக் கூடிய கூட்டத்தில் பேதி கண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. கூட்டம் ஆற்றங்கரையில் தங்கிக் குளித்துச் சமைத்துவிட்டு, வந்த வழியே ரயிலில் திரும்பி வரும். ஆறும் அதே வழியாகத்தான் வருகிறது. எங்கள் இன்ஸ்பெக்டர் அன்றைக்கே அம்பாசமுத்திரம் புறப்பட்டுப் போனார். போகும்போது, "எல்லாக் கிணத்தையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பாரு" என்று மட்டும் சொன்னார்.

நான் தினமும் பார்த்தேன். ஒரு வாரம் வரை எல்லாக் கிணறுகளும் ஒழுங்காக இருந்தன. பிறகு ஒரு காலையில் அக்கா தெருக் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தபோது தண்ணீர் வெள்ளையாக வந்தது. முந்தின மாலை கை நிறையப் பொடி போட்டிருந்தேன். ஒரு சொட்டு நிறம் இல்லை. மறுபடி போட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் தண்ணீர் பழுப்பேறிக் கிடந்தது. இரண்டு மடங்கு போட்டேன். அதுவும் சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. என் கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று அந்தக் கிணற்றுக்குள் இருந்துகொண்டு மருந்தை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அது என்ன என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் என் அக்காவின் மகள் குடிக்கிறாள்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்று கொண்டாள்.

"உள்ள வராதலே. தரை மெழுகியிருக்கேன். அங்கனயே இரு, சோறு கொண்டாரேன்."

"சோறு கெடக்கட்டும். பிள்ளைக்குத் தண்ணி கொதிக்க வச்சுக் குடுக்கியா?"

"குடுக்கேன், குடுக்கேன்."

அவள் கண் குழி விழுந்திருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் புறவாசல் வரை தெரியும். அங்கே கொடியில் ஏழெட்டு வேட்டிகள் காய்ந்தன. அத்தான் ஒரு ஆள்தானே, இத்தனை வேட்டி எதற்கு என்று தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்காவின் அடுத்த வீட்டில் ஒரு இளம் பெண்ணுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கைக்குழந்தைக்காரி. மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் அவள் போய்விட்டாள். அதற்கு அடுத்த நாள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மகன் படுத்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். அவனும் பிழைக்கவில்லை.

நான் அந்தக் கிணற்றை விட்டு நகர முடியாதவனானேன். இரண்டாவது சாவு நடந்த அன்று மாலை, தெருவின் ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கிணற்றுச் சுவரில் கவிழ்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்சுவரில் ஒரு இடத்தில் மட்டும் கல்லுக்குக் கல் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. அந்தக் கோடு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே, வெளியில், துவைகல் கிடந்தது. தெருக்காரர்கள் எப்போதோ வசதிக்காகக் கிணற்றை ஒட்டிப் போட்ட கல். அதைச் சுற்றித் தளத்தில் காரை பெயர்ந்திருந்தது.

பெட்டியைத் திறந்து ஒரு பிடிப் பொடியை வாளித் தண்ணீரில் கரைத்தேன். கிணற்றில் ஊற்றவில்லை, துவைகல்லின் மேல் ஊற்றினேன். ஊற்றிவிட்டு மறுபடியும் உள்ளே கவிழ்ந்து பார்த்தேன். சுவாமி படத்துக்கு முன்னால் நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்சுவரின் கல் இடுக்கிலிருந்து சிவப்பாக ஒரு நூல் இறங்கியது. பைய இறங்கித் தண்ணீரைத் தொட்டு விரிந்தது.

அந்தக் கல்லில் துவைத்த ஒவ்வொரு துணியின் தண்ணீரும் அந்த வழியாகக் கிணற்றுக்குள்தான் போயிருக்கிறது. சாதாரண அழுக்கு இத்தனை வருஷமும் போயிருக்கும், ஜனங்கள் குடித்திருப்பார்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு வாரத்தில் யாரோ பேதிக்காரன் துணியை இங்கே துவைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்த அதே நொடியில் கொடியில் காய்ந்த வேட்டிகள் கண் முன்னால் வந்தன.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் புறவாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நேராக உள்ளே போனேன். உள்ளறையில், எப்போதாவது வந்து தங்கிப்போகும் அத்தானின் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

புறவாசலுக்கு அக்காவிடம் போய்க் கேட்டேன். "அமாவாசைக்குப் போயிருந்தாரா?"

"ஆமா."

"அவரு துணிய எங்க துவைச்ச?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. கையிலிருந்த அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வெளிய தெரிஞ்சா வீட்ட ஒதுக்கிருவாக, அவர எங்கயாவது கொட்டகையில கொண்டு போட்டுருவாகன்னு உங்க அத்தான் பயந்தாக. விடியுமுன்ன யாரும் வாரதுக்குள்ள போயி அலசிட்டு வந்தேன். கல்லுலதானடா துவைச்சேன், கிணத்துக்குள்ளயா போட்டேன்? அதுல ஒழுகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்க்கா."

"அந்தப் பிள்ளையும், அண்ணாச்சி மகனும்..." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "யார்ட்டயும் சொல்லிராதலே. உங்க அத்தான் தூக்குல தொங்கிருவாக."

நான் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, உடனே கிணற்றை மூடவும் இல்லை. மூடினால் ஏன் என்று கேட்பார்கள், கல்லைக் காட்ட வேண்டும், கல்லைக் காட்டினால் யார் துவைத்தது என்று கேள்வி வரும். இன்ஸ்பெக்டர் ஊரில் இல்லை, உத்தரவில்லாமல் எப்படி மூடுவது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். இருந்த பொடி முழுவதையும் கிணற்றில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று கண் மூடவில்லை. மூடினால் அந்தச் சிவப்பு நூல் இறங்கியது.

காலையில் முடிவு செய்துவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் போய்க் கிணற்றுக் கப்பியைக் கழற்றினேன், கயிற்றை அறுத்தேன், நாலு பனங்கட்டைகளை உருட்டி வாயை அடைத்தேன். முடிப்பதற்குள் தெரு கூடிவிட்டது. பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றார்கள். மகனைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு நாள்கூட ஆகாத அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன வே செய்யுதீரு?"

"தண்ணி கெட்டுப்போச்சு அண்ணாச்சி. குடிக்கக் கூடாது."

"கெடுத்தது யாரு? ராத்திரியும் பகலும் வந்து வந்து செவப்பக் கொட்டுனது யாரு? நீரு கொட்டக் கொட்டத்தான என் பிள்ள போனான்?"

நான் கல்லைக் காட்டினேன். காரை பெயர்ந்த இடத்தைக் காட்டினேன். என் நாக்கு குழறியது. எல்லாவற்றையும் சொல்ல முடியாதவன் பேச்சு பொய் போலத்தான் கேட்கும்.

"கல்லு நாப்பது வருசமா இங்கனதான் கெடக்கு," என்றது ஒரு குரல். "அப்பல்லாம் சாகாத ஆளு இப்ப எப்படிச் சாகும்? மருந்துக்காரனப் பிடிங்கலே!"

யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். தகரப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தார்கள். முதுகில் ஒரு அடி விழுந்தது, பிறகு ஒன்று. கிணற்றுச் சுவரோடு என்னைச் சாய்த்தார்கள். என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"அவன விடுங்க!"

அக்கா. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை முடியாமல், தெரு நடுவில் நின்றாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது.

"எங்க கொழுந்தனுக்குப் பேதி. அமாவாசைக்குப் போயிட்டுக் கொண்டாந்தாரு. அவரு துணிய நான்தான் இந்தக் கல்லுல துவைச்சேன். அஞ்சு நாளு துவைச்சேன். அந்தத் தண்ணிதான் உள்ள எறங்கியிருக்கு. அவன் மருந்து போட்டுக் கொல்லல. நான்தான் தெரியாமக் கொன்னுட்டேன். அடிக்கணும்னா என்ன அடிங்க."

என்னைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பெண் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

அன்று மத்தியானம் அந்தத் தெருவில் மூன்றாவதாக ஒரு பெரியவர் விழுந்தார். இரண்டு நாள் கிடந்து போனார். அவரே கடைசி. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் துவைகல்லைப் பெயர்த்துத் தெருக்கோடியில் போட வைத்தார். தளத்தைக் கொத்திப் புதிதாகக் காரை போட்டு, கிணற்றை முழுக்க இறைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தோம். அதற்குப் பிறகு போட்ட நிறம் மறுநாள் வரை நின்றது.

அக்கா வீட்டை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. திட்டவும் இல்லை. ஆனால் அவள் கிணற்றுக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து நிற்பார்கள். அடுத்த வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், கைக்குழந்தையை மாமியார் வீட்டில் விடப் புறப்பட்ட அன்று அக்கா வாசலில் வந்து நின்றார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை அவர் நன்றியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த தை மாதம் அக்கா வீட்டார் தச்சநல்லூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தானின் தம்பி தூத்துக்குடிக்கு வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருந்தார். அக்காவின் மகளுக்கு ஒரு நாளும் ஒன்றும் வரவில்லை. ஆனால் கிணறு மூடிக்கிடந்த அந்த மாதம் முழுவதும் அவள் ஒரு தடவை இருமினால் கூட நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

தச்சநல்லூர் வீட்டில் ஒரு நாள், "எப்படிக்கா அன்னிக்கு வாயத் தொறந்த?" என்று கேட்டேன்.

"உன்ன அடிச்சாங்கல்லா" என்றாள்.

நான் அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாவதாகப் போன அந்தப் பெரியவர், நான் உண்மை தெரிந்தும் வாய் மூடி வீட்டுக்குப் போன அந்தச் சாயங்காலத்துக்கும் கிணற்றை அடைத்த காலைக்கும் நடுவில் அந்தத் தண்ணீரைக் குடித்தாரா, அல்லது அதற்கு முன்பே குடித்திருந்தாரா? பல டாக்டர்களிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சில பேருக்கு ஒரே நாளில் காணும், சில பேருக்கு நாலைந்து நாள் ஆகும், அறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.