மூடியில் எழுதிய பெயர்

அண்ணனுக்கு மாரடைப்பு வந்து நான்காவது மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், இதயத் தசைச் செல்களைச் சின்னத் தட்டுகளில் வளர்த்து மெல்லிய ஒட்டாக ஆக்குகிறோம். மாரடைப்பில் செத்த தசை திரும்ப வளராது, தழும்பாகிவிடும். அந்த இடத்தில் இந்த ஒட்டைத் தைத்தால் இதயம் பழையபடி வேலை செய்யுமா என்பதுதான் எங்கள் கேள்வி. ஒவ்வொரு தட்டின் மூடியிலும் மார்க்கரால் தேதியும் செல்லின் எண்ணும் எழுத வேண்டும். ஒரு நாள் ஏதோ பாசத்தில், எண்ணுக்குக் கீழே 'அண்ணன்' என்றும் எழுதிவிட்டேன். செல்கள் துடிப்பதை மைக்ரோஸ்கோப் வழியாக வீடியோ எடுத்து, மூடியையும் காட்டி அவனுக்கு அனுப்பினேன்.

அவன் அப்போது மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் அடைந்து கிடந்தான். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். திரும்ப ஏற முடியாது என்பதால் இறங்குவதே இல்லை. தி.நகரில் இருக்கும் தன் ஜவுளிக்கடையை போனில் சிசிடிவி வழியாகப் பார்த்துக்கொண்டு, "அந்த நீலச் சட்டைக்காரன் எதுக்குச் சும்மா நிக்கான்?" என்று கடைக்குக் கூப்பிட்டுத் திட்டுவான். அண்ணி கடையைக் கவனிக்கப் போய்விடுவாள். காலையும் மாலையும் அவனுக்கு நான்தான்.

என் நிலைமையும் அவனைவிடப் பெரிதாக மேல் இல்லை. செல்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். சோறு போடுவது என்று எங்களுக்குள் சொல்வோம். ஞாயிறு, மழை, கல்யாணம் எதுவும் அவற்றுக்குக் கணக்கில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. வீட்டில் இவன், ஆய்வகத்தில் அவை. அடையாறு பாலத்தில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் இரண்டு பக்கத்தின் மேலும் எரிச்சல் வரும். எரிச்சல் பட்டதை நினைத்து அழுகையும் வரும்.

இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம், நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்தால் அது அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர். அண்ணன் சிரித்தான்.

"எதுக்கு சார் ரெண்டு தடவை கிழிக்கணும்? என் தங்கச்சி எனக்கு ஒட்டு வளக்கா. அது வந்ததும் மொத்தமா பாத்துக்கிடலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். எலியின் இதயத்தில் நாங்கள் தைத்த ஒட்டுகள் சில சமயம் இதயத்தோடு சேராமல் தம் போக்கில் துடிக்கின்றன, அதுவே உயிருக்கு ஆபத்து. அவனுக்கு வைக்கும் காலம் இப்போதைக்கு வராது. எல்லாம் தெரிந்தும் வாய் வரவில்லை. அந்த வீடியோவைப் பார்க்கும்போது மட்டும்தான் அவன் முகம் தெளியும். காலையில் அவன் அறைக் கதவைத் திறக்கும் முன், உள்ளே இருமல் கேட்கிறதா என்று நின்று கேட்பேன். கேட்ட பிறகுதான் திறப்பேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவன் சோபாவிலேயே கண் இருட்டிச் சரிந்தான். சில நொடிதான். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டு, "ஏட்டி, என் ஒட்டு எந்த அளவுல இருக்கு?" என்றான்.

"அது உனக்கு இல்லண்ணே."

"மூடியில என் பேரு இருக்கே."

"நான் சும்மா எழுதினேன். செல்லு யாரோடதோ. விலைக்கு வாங்கினது."

போனில் அந்த வீடியோவை மறுபடி ஓட்டினான்.

"சரி, இப்பவும் துடிக்கா?"

"போன மாசமே நின்னுபோச்சு. பிளீச்சிங் ஊத்திக் கொட்டிட்டேன். எல்லாத்தையும் அப்படித்தான் செய்யணும்."

"என் பேரு எழுதுனதையா?"

ஆமாம் என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன கேவலமான ஆமாம் அதுதான்.

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. கடை ஆட்களைக்கூடத் திட்டவில்லை. சிசிடிவியில் தீபாவளிக் கூட்டம் தானாக வந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டருக்கு போன் போடு" என்றான்.

மறுநாள் கடை ஆட்கள் இருவர் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியை வைக்க உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் என் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு உன் செல்லுக்குச் சோறு போடுத நாளுல்லா?"

அவனுக்கு அந்தக் கணக்கு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அவன் சரிந்து விழுந்த நாளிலிருந்து நான் ஆய்வகத்துப் பக்கம் போகவில்லை. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

"போட்டியா?"

"இல்ல."

"செத்துரும்லா?"

"சாகட்டும்ணே" என்றேன்.