இரண்டாவது ட்ரம்பெட்

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பேண்டு செட்டில் நான் இரண்டாவது ட்ரம்பெட். பாட்டை ஊதுகிறவர் முதல் ட்ரம்பெட்காரர். அவருக்கு அடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், அவர் தனியாக ஊதும் இடத்தில் வாயை எடுத்துவிட்டுக் காத்திருப்பதும் என் வேலை. ஏழு வருஷம் அப்படித்தான் ஊதினேன்.

அவருக்குப் பக்கத்திலிருக்கும் பெருநகர் கிராமம். நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகும் நாட்களிலும் ட்ரம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். குளிர்ந்த பித்தளையில் உதடு வைக்க மாட்டார். ஊதப் போகிற நாளில் காலையிலிருந்து வேர்க்கடலையைத் தொட மாட்டார். முன்பல் ஒன்று இல்லாததால் வாயின் வலது ஓரத்தில்தான் ஊதுவார். பாட்டு முடிந்ததும் குழாயை இடப்பக்கம் உதறுவார், எச்சில் தெறிக்கும். அந்தப் பக்கம் நின்றது நான்தான்.

ட்ராம்போன்காரர் அவருடைய மச்சான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஊதுவார். கண்ணை மூடிக்கொள்வார். காவாந்தண்டலத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அப்படியே வாய்க்காலில் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றும் பாட்டை விடவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் முதல் ட்ரம்பெட்காரருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனார்.

நாங்கள் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பெருநகர் போனோம். பாடை கட்டியாகிவிட்டது. அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"ஊர் கல்யாணத்துக்கெல்லாம் ஊதிக்கினு இருந்தாரே. அவுரு ஊதறதயே ஊதுப்பா."

"சரிக்கா" என்றேன்.

பாட்டு எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உதட்டில் வைத்ததும் என்னுடைய பங்குதான் வந்தது. ஒரே சுரம், பிறகு நிறுத்தம், மறுபடி அதே சுரம். மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. ட்ராம்போன்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வுடு. உனுக்கு வர்றதயே ஊதிக்கினு வா" என்றார்.

செய்யாற்றங்கரைச் சுடுகாடு வரை அப்படியே போனோம். அவர் ஊத வேண்டிய இடங்களில் டிரம் சத்தம் மட்டும் கேட்டது. வழியில் ஒருவர், "இன்னாபா, பாட்டே காணோம், நடுநடுவுல வுட்டுட்டு ஊதறீங்க?" என்று கேட்டார்.

நான் அழவில்லை. அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன். சோறு போட்டார்கள். தின்றேன், மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றேன். கோட்டைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். முன்வரிசையில் என்னை நிறுத்தினார்கள். பாட்டு முழுசாக வந்தது. பெண்ணின் அப்பா, "பரவால்லியே, நல்லா கீது" என்றார். அதைக் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை. வேறு யாரோ ஊதுவதைக் கேட்பதுபோல்தான் இருந்தது. வெகுநாள் அப்படித்தான் இருந்தது.

தை மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன்.

"இப்ப நீதான் முன்னாடி நின்னு ஊதறியாமே?"

"ஆமாக்கா."

"ஊது, ஊது" என்றார்.

பெருநகர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் சட்டைக்குப் பொத்தான் வாங்க வந்திருந்தேன். கடை பூட்டியிருந்தது. திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.